சிவப்புப் பேனாவை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 6, 8 வயதுப் பேரப்பிள்ளைகளைச் சொந்தமாகக் கதை எழுத வைக்க ஆசை. இரண்டு வரி எழுதியதும் எழுந்து ஓடிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்த இரண்டு வரியைப் பிள்ளைகள் உங்களிடம் நீட்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? பிழை திருத்தினீர்களா? திருத்தியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நம் கை அப்படிப் பழகியது. நானும் திருத்தினேன், அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கொடைக்கானல் மேல்மலையில் ஒரு கிராமம். தொடக்கப்பள்ளியில் 33 வருடம் வேலை பார்த்தேன். மகளும் மருமகனும் வத்தலக்குண்டில் வேலை என்பதால் பேத்தியும் பேரனும் என்னோடுதான் வளர்கிறார்கள்.

போன வருடம் ஒருநாள் விடிகாலையில் காட்டுமாடு ஒன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றது. பூண்டுப் பாத்தியை மோந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பீன்ஸைத் தின்றுவிட்டுப் போனது. அப்போது பேத்திக்கு 7 வயது. ஜன்னலில் நின்று பார்த்தவள் யாரும் சொல்லாமலே நோட்டை எடுத்து எழுதினாள். "மாடு வந்துச்சு. பூண்ட மோந்துச்சு. காரம் மூக்குல ஏரிருச்சு. சன்டை போடாம போயிருச்சு." எழுதி, ஓடிவந்து என் கையில் கொடுத்தாள்.

நான் பேனாவை எடுத்தேன். "ஏரி" என்பதை "ஏறி" ஆக்கினேன். "சண்டை"க்கு மூன்று சுழி போட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "வந்துச்சு" எல்லாம் "வந்தது" ஆனது, "மோந்துச்சு" அடிபட்டு "முகர்ந்து பார்த்தது" என்று வந்தது. நான்கு வரியில் என் சிவப்பு மைதான் அதிகம். குழந்தை ஒன்றும் சொல்லாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் ஏதாவது எழுதேன் என்று கேட்டபோது, "நீங்களே எழுதுங்க அம்மாச்சி, நான் பாத்து எழுதிக்கிறேன்" என்றாள்.

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. 33 வருடமும் என் வகுப்பில் கட்டுரை என்றால் அதுதானே நடந்தது? கரும்பலகையில் நான் எழுதினேன், பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். நாற்பது நோட்டிலும் ஒரே மழைக்காலம், ஒரே பொங்கல். அத்தனை பிள்ளைகள் பார்த்த மாட்டையும் மழையையும் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

இலக்கணமே வேண்டாம் என்கிறாள் இந்தம்மா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ல, ள, ழ சொல்லிக் கொடுத்தே தொண்டை தேய்ந்தவள் நான். பிழை திருத்தத்தான் வேண்டும். ஆனால் கதை பிறக்கிற நேரத்தில் வேண்டாம். இப்போது கதை நோட்டில் நான் கை வைப்பதில்லை. பேத்தி தடுமாறுகிற சொற்களை மட்டும் மனதில் குறித்துக்கொண்டு, வேறொரு நாள் வேறொரு தாளில் சொல்லித் தருகிறேன். "ஏறு, ஏரி" இரண்டையும் அப்படித்தான் படித்தாள்.

கதைக்கு நான் செய்வது ஒன்றுதான். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு "ழூ" எழுதி முடிப்பதற்குள் கதை மறந்துபோகும். வாய் ஓடுகிற வேகத்துக்குக் கை வராது, ஓடிவிடுவதற்குக் காரணமே பாதி அதுதான். பழைய டைரி ஒன்றில், அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுவேன். "மோந்துச்சு" என்றால் "மோந்துச்சு"தான். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவேன். நான் தெரியாமல் ஒரு சொல்லை மாற்றியிருந்தால்கூட, "நான் அப்படிச் சொல்லல" என்று பிடித்துவிடுவார்கள். தன் வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கிற பழக்கம் அங்கேதான் வந்தது.

காட்டுமாடு பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாடு ஊருக்குள் வந்துவிட்டது என்று எல்லாரும் அதைத்தான் திட்டுகிறார்கள். அது மேய்ந்த புல்வெளி எங்கே? ஒரு காலத்தில் கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரமும் பைனும் யூகலிப்டஸும் புல்மேட்டை மூடிவிட்டன. மிச்சம் இருக்கிற வழியிலும் வெளியூர்க்காரர்கள் இடம் வாங்கிக் கம்பிவேலி போட்டு, வருடத்தில் நாலு நாள் தங்கக் கட்டிடம் கட்டுகிறார்கள். எங்கள் தெருவுக்கு மேலேயே மாடு இறங்குகிற தடத்தை அடைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மனு கொடுத்தோம், பதில் இல்லை. அந்த மாடு பிறகு எங்கே போகும்? நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், மனசு கேட்கவில்லை.

பேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018ல் இங்கே குறிஞ்சி பூத்தபோது, கைக்குழந்தையாக இருந்த அவன் அக்காவைத் தூக்கிக்கொண்டு நான் பூவுக்கு நடுவில் நிற்கிற போட்டோ வீட்டில் இருக்கிறது. தான் அதில் இல்லையே என்று அவனுக்கு வருத்தம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், அடுத்தது 2030 என்றேன். "அதுவரைக்கும் அது எங்க போயிருக்கும்?" என்றான். பழைய டீச்சராக இருந்தால் அங்கேயே பாடம் நடத்தியிருப்பேன். இந்த முறை டைரியை எடுத்துக்கொண்டு, "நீயே சொல்லு சாமி" என்றேன்.

"பழனிக்குப் பாதயாத்திரை போயிருச்சு. செடிக்குக் கால் இல்லைல்ல, அதான் போயிட்டு வர பன்னெண்டு வருசம் ஆகுது" என்றான்.

குறிஞ்சியாண்டவர் கோயிலில் நின்றால் கீழே பழனி தெரியும், அதைப் பார்த்திருக்கிறான். தைப்பூசத்துக்குக் காவி வேட்டி கட்டி நடக்கிறவர்களையும் பார்த்திருக்கிறான். இரண்டையும் சேர்த்துவிட்டான். ஒரு வாரம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன்: பூத்து விதை விழுந்ததும் அந்தச் செடி பட்டுப்போகும், விழுந்த விதை முளைத்து வளர்ந்துதான் அடுத்த பூ. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கதையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான். "போனது அம்மாச்சிச் செடி. திரும்பி வந்தது பேத்திச் செடி." அதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள் வீட்டில் பெரிய பிள்ளை ஏற்கெனவே மனம் உடைந்திருந்தால், சின்னப் பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள். பெரியதைக் கூப்பிடாதீர்கள், பக்கத்தில் இருந்து கேட்கட்டும். எங்கள் வீட்டில் தம்பி சொல்லச் சொல்ல நான் எழுதுவதை அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய நோட்டைத் தொடவேயில்லை. ஒருநாள் புது நோட்டோடு வந்து, "வாசிங்க, பேனா எடுக்கக் கூடாது" என்று கொடுத்தாள். அதற்கு நாலு மாதம் ஆனது.