வலையை அறுத்தது யார்? கடற்கரைச் சண்டைகள் பற்றிக் கேள்வி பதில்

நான் பாம்பனில் ஒரு வள்ளக்காரர் வீட்டுப் பெண். கல்லூரியில் சமூக உளவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் ஏன் மூளுகிறது என்று நம் கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பாம்பன்: டீச்சர், போன மாசம் விசைப்படகு மடியை, அதான் கடலடியில இழுக்கிற பை வலையை, இழுத்துட்டுப் போனதுல எங்க வலை பாதி போச்சு. கேட்டா ‘இருட்டுல தெரியல’ங்கிறான். இந்த விசைப்படகுக்காரங்களே அடாவடிக்காரங்கதானே?

வலை போன வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும் தம்பி. ஆனால் உங்கள் தெரு வள்ளமே இன்னொரு வள்ளத்தின் வலையில் மாட்டினால் என்ன சொல்வீர்கள்? ‘நீரோட்டம் இழுத்துருச்சு’ என்பீர்கள். நம்மாள் செய்தால் காற்று, இருட்டு, நீரோட்டம். அவன் செய்தால் குணமே அப்படி. 1974-ல் டெய்லர், ஜக்கி என்ற இருவர் தென்னிந்தியாவில் இந்து எழுத்தர்கள் 30 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒருவர் நல்லது செய்ததாகவும் கெட்டது செய்ததாகவும் சிறு சம்பவங்களைச் சொல்லிக் காரணம் கேட்டார்கள். செய்தவர் இந்து என்றால் நல்லதுக்குக் குணம் காரணம், கெட்டதுக்குச் சூழ்நிலை காரணம் என்றார்கள். முஸ்லிம் என்றால் இந்தச் சலுகை இல்லை. அந்த இடத்தில் எந்தக் கூட்டத்தை நிறுத்தினாலும் இதே கணக்குதான் என்பது என் எண்ணம்.

அதற்காக எல்லாமே மனசுக்குள் இருக்கும் கோளாறு என்று சொல்ல வரவில்லை. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்ற ஏற்பாடும் நம் பக்கம் உண்டு. அது மீறப்படும்போது யாராவது வந்து ‘மனசை மாத்திக்கோங்க’ என்று வகுப்பு எடுத்தால், அது நானாகவே இருந்தாலும், எழுந்து போய்விடுங்கள். படகு எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள். ஒரு படகுக்காக மொத்தப் பேரையும் திட்டினால், அந்தப் படகில் கூலிக்கு ஏறிய உங்கள் அத்தை மகனும் அந்தப் பேச்சில் அடிபடுவான்.

கீழக்கரை: மேடம், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களைச் சிவப்பு, நீலம்னு அணி பிரிச்சு ஒரே வாரம்தான் ஆச்சு. அதுக்குள்ள என் மகன் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட பேச மாட்டேங்கிறான்.

ஒரு வாரமே அதிகம்மா. ஹென்றி டாஷ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கத்துப் பள்ளிப் பையன்களை, ‘உனக்கு எந்த ஓவியர் படம் பிடிக்கிறது’ என்ற சாக்கில் இரண்டாகப் பிரித்தார். 1971-ல் வெளியான ஆய்வு இது. தன் கூட்டத்தில் யார் யார் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. காசாக மாற்றக்கூடிய புள்ளிகளைப் பிரிக்கச் சொன்னபோது, பலர் தம் கூட்டத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிர்க்கூட்டத்தைவிட வித்தியாசம் அதிகமாக இருந்தால் போதும் என்று பிரித்தார்கள். ஏலக்கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆசிரியரிடம் சொல்லி, மாதம் ஒருமுறை அணியைக் கலைத்துப் போடச் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்: டீச்சர், ஷெரீஃப் சோதனையைப் பரீட்சைக்குப் படிச்சேன். பொது வேலை கொடுத்தா சண்டை தீரும்னு அவ்வளவு லேசா?

லேசு இல்லை. முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் செய்த சோதனை அது. 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா காட்டு முகாமில் 22 பையன்கள், பதினோரு வயசு வாக்கில். கழுகு, பாம்பு என்று பெயர் வைத்துக்கொண்ட இரண்டு கூட்டம். போட்டி வைத்ததும் கொடியை எரித்தார்கள், குடிலில் புகுந்து சாமானைக் கலைத்தார்கள். சேர்ந்து சாப்பிட வைத்தபோது சாப்பாட்டையே எடுத்து வீசிக்கொண்டார்கள். பிறகு தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது, லாரி நின்றுபோனது. எதிரெதிராக நின்று இழுத்த வடத்தையே லாரியில் கட்டி எல்லாரும் ஒரு பக்கமாக இழுத்தார்கள். கரையில் நின்று எல்லாரும் சேர்ந்து இழுக்கிற கரைவலை நமக்கு நினைவு வரும். ஒரு வேலையோடு அவர்கள் ஒன்றாகிவிடவில்லை, அடுத்தடுத்துப் பல வேலை தேவைப்பட்டது என்பதையும் விடைத்தாளில் எழுதுங்கள். முந்தின வருஷம் ஷெரீஃப் செய்த இதே மாதிரி முயற்சி கெட்டுப்போனது. பெரியவர்கள்தான் மூட்டிவிடுகிறார்கள் என்று அந்தப் பையன்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள்! எனக்கு அந்தப் பையன்களைத்தான் அதிகம் பிடிக்கும்.

தேவிபட்டினம்: ரெண்டு தெருவுக்கும் கிரிக்கெட் மேட்ச் வச்சா பகை குறையுமா அக்கா?

தெருவுக்குத் தெரு மோதவிட்டால் கூடும். இரண்டு தெருப் பையன்களையும் ஒரே அணியில் கலந்து போடுங்கள். மேத்யூ லோ என்பவர் உத்தரப்பிரதேசத்தில் சாதி கலந்த அணிகளை வைத்துப் பார்த்தார். ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேற்றுச் சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியாக மட்டுமே சந்தித்தவர்களுக்குக் குறைந்தார்கள்.

தொண்டி: சண்டை நடந்த ஊர்ல அமைதியா இருக்காங்க. பத்து மைல் தள்ளி இருக்கிற எங்க ஊர்லதான் வாட்ஸ்அப்ல ‘இன்னிக்கு ராத்திரி வர்றாங்க’ன்னு பரவுது. ஏன்?

1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜமுனா பிரசாத் என்ற ஆய்வாளர் வதந்திகளைச் சேகரித்தார். அதிர்வு தெரிந்தும் சேதம் இல்லாத ஊர்களில், இதைவிடப் பெரியது வரப்போகிறது என்ற பேச்சே ஓடியது. வீடு இடிந்தவனுக்குத் தன் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. உங்களுக்குப் பயம் மட்டும் வந்திருக்கிறது, காரணத்தைத் தேடுகிறீர்கள். அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அதே குழுவில் போடுங்கள்.

இராமேஸ்வரம்: கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுல யாழ்ப்பாணத்துக்காரங்களும் நாமளும் ஒண்ணா முழங்கால் போடுறோம். ஒரே பேச்சு, ஒரே சாமி. கடல்ல மட்டும் ஏன் ஆகல?

திரும்ப முதல் கேள்வியைப் படியுங்கள் அண்ணே. பாம்பன் தம்பி விசைப்படகுக்காரர்களைப் பற்றிச் சொன்னதைத்தான் யாழ்ப்பாணத்து மீனவரும் நம் பக்கத்து விசைப்படகைப் பற்றிச் சொல்கிறார். 2009-ல் போர் முடிந்த பிறகு கடன் வாங்கி வலை போட்டவர் அவர். நம் இழுவைமடி வந்து போனால் மறுநாள் அவருக்குத் தொழில் இல்லை. 2017-ல் இலங்கை மடி இழுப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கே மகன் அந்தப் பக்கச் சிறையில் இருக்கிற வீட்டில் இதைப் பேச முடியாது, தெரியும்.

இரண்டு கூட்டமும் சந்தித்தால் மட்டும் பகை குறையாது என்று கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதினார். சமநிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து உழைப்பது, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் வேண்டும் என்றார். திருவிழாவில் சமமாக முழங்கால் போடுகிறீர்கள். கடலில் ஒருவரிடம் விசைப்படகு, இன்னொருவரிடம் சிறு வள்ளம். ஒரே பேச்சு என்பதால் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்து பேசலாம். ஆனால் பேச வேண்டியது மடியைப் பற்றி.

மண்டபம்: நான் அந்தப் பக்கம் போய்ப் பேசினேன். இப்ப எங்க ஆளுகளே துரோகிங்கிறாங்க.

வெளியாள் தப்பு செய்தால் வருவதைவிட, நம்மாள் வழி தவறினான் என்றால் அதிகக் கோபம் வரும். ஆய்வாளர்கள் இதற்குக் ‘கறுப்பு ஆடு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை தனியாகப் போகாதீர்கள். சங்கத்தில் யார் உங்களை அதிகம் திட்டினாரோ, அவரையும் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள்.