ரைட்டர் அம்மா பதில்கள்: வெட்டுப்பட்ட கயிறு

(பதில் சொல்பவர் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பல ஸ்டேஷன்களில் புகார், வழக்குப் பதிவுகளை எழுதும் ரைட்டராக இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர்.)

போலீஸ் வேலை என்றால் குற்றவாளியைப் பிடிப்பதுதானே? அதற்கு எங்கள் பாடத்தில் பக்கம் பக்கமாகக் கொள்கைகள் எதற்கு?
- கல்லூரி மாணவி, திருச்சி

பிடிப்பது இரண்டாவது வேலைம்மா. நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. 1829-ல் லண்டனில் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் மாநகரப் போலீஸை ஏற்படுத்தியபோது, காவலர்களுக்குக் கொடுத்த அறிவுரையிலேயே குற்றத் தடுப்புதான் தலையாய நோக்கம் என்று எழுதியிருந்தார்கள். உடுப்புக்கு நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் காரணம் உண்டு. அங்கே ராணுவத்தின் சட்டை சிவப்பு. நம்மை அடக்கப் பட்டாளம் வந்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்துவிடக் கூடாதே.

உங்கள் பாடத்தில் 'பீலின் ஒன்பது கொள்கைகள்' இருக்கும். அந்தப் பட்டியல் அவர் கையால் எழுதியதல்ல, 20-ஆம் நூற்றாண்டில் ஒரு வரலாற்றாசிரியர் தொகுத்தது. ஆனாலும் அதில் கடைசிக் கொள்கை எனக்கு மனப்பாடம்: போலீஸ் நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி, ஊரில் குற்றம் இல்லாமல் இருப்பதுதான், போலீஸ் ஓடியாடுவது கண்ணுக்குத் தெரிவதல்ல.

ராத்திரி பீட், அதாவது ரோந்து, போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோயில், அடகுக் கடை, பூட்டிய வீடு என்று ஒவ்வொரு இடத்திலும், ரோந்து வந்ததற்குக் கையெழுத்துப் போடப் பட்டா புத்தகம் வைத்திருப்போம். இரண்டு மணிக்கு ஒரு கையெழுத்து, நாலு மணிக்கு ஒரு கையெழுத்து. அந்தத் தெருவில் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. அதற்காக யாருக்கும் ரிவார்டு கிடைத்து நான் பார்த்ததில்லை. திருடனைப் பிடித்தவருக்குத்தான் கிடைத்தது. அது சரியில்லை என்று சர்வீஸ் முழுக்க நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

நாலு தட்டு தட்டாமல் திருடன் வாயிலிருந்து உண்மை எப்படி வரும்?
- மளிகைக் கடைக்காரர், தேனி

தட்டினால் வருவது உண்மை இல்லை ஐயா. எதைச் சொன்னால் அடி நிற்குமோ, அதுதான் வரும். நம் சென்னை மாகாணத்திலேயே இதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, 1855-ல் அறிக்கை வந்தது. அதில் கிட்டி என்ற கருவி வருகிறது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. வரி வசூலுக்கும் அதே கிட்டி, திருட்டை ஒப்புக்கொள்ள வைக்கவும் அதே கிட்டி. அன்றைக்குத் தாசில்தார் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருந்தது. 1859-ல் வந்த சட்டம்தான் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்தது.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொன்னது. 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது, பிரிவு எண்தான் 23 ஆகிவிட்டது. செல்லாத வாக்குமூலத்துக்கு எதற்கு அடி? கைரேகை, செல்போன் விவரம், அக்கம்பக்கத்து விசாரணை எல்லாவற்றுக்கும் ஆளும் நேரமும் வேண்டும். அது இல்லாத இடத்தில் அடிக்கக் கை நீளுகிறது. காரணம் எனக்குப் புரிகிறது, ஆனால் அதை நியாயம் என்று சொல்ல மாட்டேன். 2020-ல் ஸ்டேஷனில் அடிபட்ட சாத்தான்குளத்து அப்பாவும் மகனும் இறந்த செய்தி வந்தபோது, என் பழைய காக்கி உடுப்பு பீரோவில் மடித்து இருந்தது. இரண்டு நாள் அந்தப் பீரோவை நான் திறக்கவில்லை.

என் பைக் திருடுபோய் மூன்று வாரம் ஆகிறது. ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸில் எஃப்.ஐ.ஆர். கேட்கிறார்கள். என்ன செய்வது?
- லாரி ஓட்டுநர், நாமக்கல்

தம்பி, சி.எஸ்.ஆர். என்பது புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது மட்டும்தான், வழக்குப் போட்டால்தான் எஃப்.ஐ.ஆர். இந்த ரசீதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு மாசக் கடைசியில், கோயிலுக்கு நேர்ந்து வளர்த்த இரண்டு கிடா போய்விட்டது என்று ஒரு பாட்டி வந்தார். கையில் ஒரு முழம் கயிறு. "தானா அறுந்த கயித்துக்குப் பிசிறு இருக்கும் தாயி, இது வெட்டுன கயிறு" என்று மேஜை மேல் வைத்தார். நுனி சமமாக இருந்தது. எங்கள் அதிகாரிக்கோ, மேலதிகாரிகள் வழக்குக் கணக்குக் கேட்கும் கிரைம் மீட்டிங் கவலை, அந்த மாதம் திருட்டு வழக்குகள் ஏற்கெனவே கூடியிருந்தன. 'காணாமல் போனதாகப் போட்டு ரசீது கொடு' என்றார். அப்படியே எழுதினேன். பாட்டி ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அப்புறம் மூன்று முறை வந்தார். யாரும் தேடவில்லை. பக்கத்து ஊரிலும் ஆடு போனது. எங்கள் பதிவேட்டில் அந்தப் பக்கம் திருட்டே கிடையாது, அதனால் ராத்திரி பீட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பைக் திருட்டு, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் நடந்தது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-ஆவது பிரிவைப் பாருங்கள். சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் புகாரை வாங்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மறுத்தால், மனுவை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம்.

வண்டியை எங்கே நிறுத்தினீர்கள், பூட்டினீர்களா, உடைந்த பூட்டு கிடைத்ததா, எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வண்டியைக் 'காணவில்லை' என்று எழுத வேண்டாம், 'திருடிவிட்டார்கள்' என்று எழுதுங்கள்.