லூனா அந்துப்பூச்சி எதையுமே சாப்பிட மாட்டேங்குது, என்ன குடுக்கலாம்?

ரெண்டு நாளா போர்ச் லைட் கிட்ட ஒட்டிக்கிட்டு இருக்கு, சர்க்கரைத் தண்ணி வச்சும் தொடலன்னு எழுதியிருக்கீங்க. ஒண்ணும் வைக்காதீங்க, அதுக்கு சாப்பிடுற மாதிரி வாயே கிடையாது. நானும் நார்த் கரோலினா வந்த புதுசுல இதே மாதிரி ஒண்ணப் பாத்துட்டு வாழைப்பழத்த நசுக்கி வச்சேன், எறும்பு மட்டும்தான் வந்துச்சு.

புழுவா இருந்தப்ப தின்னு சேத்த கொழுப்புலதான் இப்போ ஓடிட்டிருக்கு, மொத்தமே ஒரு வாரம்தான். அதுக்குள்ள ஜோடி சேந்து முட்டை வச்சாகணும். பொண்ணு ஒரே இடத்துல உக்காந்து ராத்திரில ஒரு வாசனைய விடும், ஆம்பள அந்த சீப்பு மாதிரி அகலமான கொம்பால அத மோப்பம் பிடிச்சு ரொம்ப தூரத்துலருந்து வந்துடும், அதுவும் நடுராத்திரிக்கு அப்புறம்தான். முட்டை கிட்டத்தட்ட 200 இருக்கும், இங்க வால்நட், ஹிக்கரி, ஸ்வீட்கம் இலைல வைக்கும், வடக்க பிர்ச் மரத்துல. பத்து நாள்ல பச்சைப் புழு வரும், நாலு தடவை தோல் உரிக்கும். தொட்டா தாடையால டிக் டிக்குனு சத்தம் போட்டு வாந்தி எடுக்கும், கசப்பா இருக்குமாம், நான் நக்கிப் பாக்கல!

அப்புறம் ஒரு இலையச் சுருட்டி உள்ளயே கூடு கட்டும். கோடைனா ரெண்டு மூணு வாரத்துல வெளிய வந்துடும், கடைசி பேட்ச் மட்டும் குளிர்காலம் பூரா தரைல சருகோட சருகா கிடக்கும். இது தெரியாம நான் வருஷா வருஷம் சருகெல்லாம் கூட்டி பேப்பர் பை பையா கட்டி ரோட்டோரம் வச்சிருக்கேன், எத்தன கூடு போச்சோ. இப்போ மரத்தடில அப்படியே விட்டுடறேன், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரி பாக்கிறார், பாத்துட்டுப் போகட்டும்.

ஒரு வால் கிழிஞ்சிருக்குனு சொன்னீங்களே, அது வௌவால் வேலையா இருக்கலாம். அந்த நீள வால் சும்மா அழகுக்கு இல்ல, பறக்கும்போது முறுக்கி முறுக்கி ஆடுறதுல வௌவால் இரை தேட விடுற ஒலி அதுல பட்டுத் திரும்பும், வௌவாலும் உடம்ப விட்டுட்டு வாலக் கடிக்கும். 2015ல வந்த ஆராய்ச்சில வால வெட்டிவிட்ட பூச்சிங்கதான் ரொம்ப அதிகமா மாட்டுச்சு. வால் போனாலும் பறக்கும், கவலப்படாதீங்க.

இன்னைக்கு ராத்திரி அந்த லைட்ட மட்டும் அணைச்சிடுங்க, லைட்ட சுத்தியே பாதி ஆயுசு போயிடும். அதுக்கு முன்னாடி கொம்பப் பாருங்க, மெலிசா இருந்தா பொண்ணு, அது அங்கயே இருக்கட்டும், மாப்பிள்ளை தேடி வருவார்.