கென்யாவில் குடியேறிய வெள்ளையர்கள் கையில் முதலீடு இல்லாமலேயே பணக்காரர் ஆனார்களா? அந்தக் குடியேற்றத்தை வெறும் 'வாய்ப்பு' என்று எழுதுவது சரியா?

இல்லை. நிலம்தான் மலிவு, விவசாயத்துக்குக் கையில் நல்ல முதல் வேண்டியிருந்தது. அப்போது அங்கே ஆண்ட பிரிட்டிஷ் அரசின் 1902 நிலச் சட்டம் அரசு நிலத்தை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 1915இல் அது 999 வருடமானது. குடியேறியவர்களில் முக்கியமானவரான டெலமியர் பிரபு ஞோரோ பகுதியில் குத்தகைக்கு எடுத்தது ஒரு லட்சம் ஏக்கர். ஆனால் மண்ணில் தாதுச்சத்துக் குறைவால் ஆடுகள் செத்தன, மாடுகளை நோய் கொண்டுபோனது, கோதுமையைத் துரு நோய் அழித்தது. துருவைத் தாங்கும் ரகத்தை உருவாக்க அவர் சொந்தச் செலவில் ஆராய்ச்சியாளரை வைக்க வேண்டியிருந்தது.

இத்தனை நஷ்டத்திலும் வெள்ளையர்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அரசுதான். கூலியாள் தானாக வரவில்லை, வரவழைக்கப்பட்டார். ஆப்பிரிக்கர்கள் மீது குடிசை வரி விழுந்தது. அதை ரொக்கமாகக் கட்ட வேண்டும் (1920 வரை அங்கே புழங்கியது இந்திய ரூபாய்தான்). பணப்பயிரான காப்பியைப் பயிரிட அவர்களுக்கு 1930கள் வரை அனுமதி இல்லை. அப்புறம் பணத்துக்கு எங்கே போவது? வெள்ளையர் தோட்டத்துக்குத்தான்.

1920 முதல் ஆப்பிரிக்க ஆண்களுக்கு 'கிபாண்டே' என்ற அடையாளச் சீட்டு வந்தது. கைரேகை, சம்பளம், வேலை செய்த காலம் எல்லாம் பதிந்த தாள். உலோகக் கூட்டில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும். முதலாளி கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் விலகினால் தண்டனை. இப்படி நடந்த குடியேற்றத்தை 'வாய்ப்பு' என்று மட்டும் எழுதுவது பெரிய அநியாயம்.