கெரட்டோகோனஸ் உள்ள கண்ணுக்கு லேசரும் கிராஸ்லிங்கிங்கும் சேர்த்துச் செய்யலாமா?

உங்கள் தம்பிக்கு 24 வயது, கெரட்டோகோனஸ் இருக்கிறது, லேசரையும் கிராஸ்லிங்கிங்கையும் ஒரே நாளில் செய்யலாம் என்கிறார் மருத்துவர், நம்பிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல, செய்துகொண்டவன். வலக் கண்ணுக்கு இரண்டும் சேர்த்து நடந்தது. இடக் கண்ணுக்குக் கிராஸ்லிங்கிங் மட்டும்தான்.

முதலில், இது கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசிக் இல்லை. இந்த நோயில் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலமான கார்னியா, மெலிந்து கூம்பு போலத் துருத்திக்கொண்டு வரும். அதில் லேசிக் செய்தால் இன்னும் பலவீனமாகிவிடும். இங்கே செய்வது வேறு. கருவிழியின் வளைவைக் காட்டும் டோப்போகிராஃபி படத்தை வைத்துக்கொண்டு, கருவிழியின் மேடுபள்ளத்தை மட்டும் லேசரால் கொஞ்சம் இழைத்துச் சீராக்குகிறார்கள். ஏதென்ஸைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜான் கனெல்லோபுலோஸ் வகுத்த முறை இது. ஏதென்ஸ் புரோட்டோகால் என்பார்கள். இழைக்கும் ஆழம் 50 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது அதன் கணக்கு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்).

நோயை நிறுத்துவது லேசர் அல்ல, கிராஸ்லிங்கிங்தான். ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டுமருந்தைக் கருவிழியில் ஊறவிட்டு, புற ஊதா ஒளியைக் காட்டுவார்கள். கொலாஜன் இழைகளுக்கு நடுவே புதுப் பிணைப்புகள் உண்டாகி, கருவிழி விறைப்பாகும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான சிகிச்சை. நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. இதை முதலில் செய்துவிட்டுப் பிறகு லேசர் செய்தால், இறுகிய மேல்பகுதியையே லேசர் சீவி எடுத்துவிடும். அதனால்தான் லேசரை முன்னால் வைத்து, அன்றைக்கே கிராஸ்லிங்கிங்கையும் முடிக்கிறார்கள்.

எல்லாம் தடிமனைப் பொறுத்தது. என் வலக் கண்ணில் மிக மெல்லிய இடம் 490 மைக்ரான். சிகிச்சைக்காக நீக்கும் மேல்தோல் சுமார் 50 போகும், லேசர் 35 எடுக்கும், மீதி 405. புற ஊதா ஒளி கருவிழியின் உள்பக்கத்தில் இருக்கும் எண்டோதீலியம் செல்களைத் தாக்காமல் இருக்க, வழக்கமான முறையில் 400 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். இடக் கண் 452. மேல்தோல் போனாலே எல்லைக்கு வந்துவிடும். “இதில் லேசர் வேண்டாம்” என்று மருத்துவர் அங்கேயே முடித்துவிட்டார். அன்று வருத்தமாக இருந்தது. இன்று அவர்மேல் மரியாதைதான்.

லேசர் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை. அப்புறம் அரை மணி நேரம் மஞ்சள் சொட்டு, மறுபடி அரை மணி நேரம் நீல வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மரத்துப்போக மருந்து விட்டிருந்ததால் வலி இல்லை. வலி வீட்டுக்கு வந்த பிறகுதான். முதல் இரண்டு நாள் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல இருந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. புண் ஆறும்வரை கண்மேல் வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். தம்பிக்குச் செய்வதானால் அந்த நாட்களில் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

முதல் மாதம் பார்வை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. மங்கல், பனி மூட்டம். இதைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பயந்துபோவான். ஆறு மாதத்தில் கண்ணாடியோடு 6/24 இருந்தது 6/9 ஆனது (6/6 என்பது சாதாரணப் பார்வை). தெருவிளக்கிலிருந்து கீழ்நோக்கி வால் மாதிரி நீண்ட ஒளி பாதியாகச் சுருங்கியது. கண்ணாடி இன்னும் போடுகிறேன்; ஆனால் போட்டால் இப்போது தெரிகிறது, முன்பு போட்டும் தெரியாது.

மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நோய் கூடிக்கொண்டு போகிறதா, முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டார்களா? லேசருக்குப் பிறகு மிக மெல்லிய இடத்தில் எத்தனை மைக்ரான் மிஞ்சும்? கருவிழியில் வெண்படலம் போல ஹேஸ் வந்தால் என்ன செய்வார்கள்? இரண்டாவது கேள்விக்கு எண்ணாகப் பதில் வராவிட்டால் இன்னொரு கருவிழி நிபுணரையும் பாருங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அலர்ஜி அரிப்பு என்றால் அதற்குத் தனியாக மருந்து வாங்குங்கள். கசக்கிக்கொண்டே இருந்தால் கூம்பு இன்னும் கூடலாம்.

லேசர் கூடாது என்று சொல்லிவிட்டாலும் மனம் விட வேண்டாம். என் இடக் கண்ணில் கிராஸ்லிங்கிங்குக்குப் பிறகு நோய் நகரவில்லை. காலையில் அதில் ஸ்க்ளீரல் லென்ஸ் போட்டுக்கொள்கிறேன்; கருவிழியைத் தொடாமல் கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ் அது. போட்டிருக்கும் நேரம் வரை, லேசர் செய்த கண்ணைவிட அந்தக் கண்தான் தெளிவாகப் பார்க்கிறது.