மஞ்சள் போய்விடும், ஊசி எரிந்தால் உடனே சொல்லுங்கள்

மொரிஷியஸ் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வயது 58, சர்க்கரை நோய் உண்டு. விழித்திரையைப் படமெடுக்கக் கையில் சாய ஊசி போடவேண்டுமாம். பக்கத்து வீட்டு அக்கா அதைப் போட்டுக்கொண்டு மஞ்சளாகத் திரும்பி வந்தார். சிறுநீரகம் கெடும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. காவடி விரதமும் நெருங்குகிறது. போட்டுக்கொள்ளலாமா?"

பெரும்பாலும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், அம்மா.

அந்த அக்காவுக்கு வந்தது காமாலை அல்ல. ஃப்ளூரெசின் என்ற சாயம் தோலில் சில மணி நேரம் தங்கும், சிறுநீரில் ஒன்றரை நாள் வரை பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சளாக இறங்கும். அவ்வளவுதான். அதுவரை இரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை எதுவும் வேண்டாம். சில முடிவுகள் தவறாக வரும்.

சிறுநீரகப் பயம் சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்திலிருந்து ஒட்டிக்கொண்டது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். ஃப்ளூரெசினில் அயோடின் கிடையாது. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு மஞ்சள் சற்று நாள்பட நிற்கும். அவர்கள் அதை முன்கூட்டியே சொன்னால் போதும். இறால் ஒவ்வாமை இறாலின் புரதத்தால் வருவது, இந்தச் சாயத்தோடு அதற்கு உறவில்லை. ஆனாலும் எந்த ஒவ்வாமையையும், ஆஸ்துமாவையும் மறைக்காதீர்கள். இன்டோசயனின் பச்சை என்ற வேறொரு சாயம் உண்டு. அதில் அயோடின் இருக்கிறது. உங்களுக்கு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. முகவாயைத் தாங்கியில் பதித்து, நெற்றியை ஒட்டி, நீல வெளிச்சம் பளிச்சிட உட்கார்ந்திருப்பீர்கள். ஊசி ஏறி அரை நிமிடத்தில் சிலருக்கு வயிறு புரட்டும். மெதுவாக மூச்சு விட்டால் சில நிமிடத்தில் அடங்கிவிடும். கை எரிந்தால் மட்டும் பொறுக்காதீர்கள். சாயம் காரத்தன்மை உள்ளது. இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலையே புண்ணாக்கும். நம் வீட்டுப் பெண்கள் டாக்டருக்குத் தொந்தரவு வேண்டாமே என்று பல்லைக் கடித்துக்கொள்வார்கள். அந்த மரியாதை இங்கே தேவையில்லை. "எரிகிறது" என்ற ஒரு சொல்லுக்கு ஊசி நின்றுவிடும்.

அரிப்பு, தடிப்பு வரலாம். தொண்டை இறுகுவது, மூச்சு வாங்குவது அபூர்வம். அமெரிக்காவில் 1986இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் கடுமையான விளைவு சுமார் 1,900 பேரில் ஒருவருக்கும், மரணம் சுமார் 2,22,000 பேரில் ஒருவருக்கும் நேர்ந்ததாகப் பதிவானது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் அப்போது சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

மோக்காவில் பாரதியின் பெயர் தாங்கிய அரசுக் கண் மருத்துவமனைக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும், விழித்திரையை ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும், ஊசியில்லாத ஓ.சி.டி. ஸ்கேன் போதுமா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் இரத்தக் குழாய் எங்கே கசிகிறது என்பதை நேராகக் காட்டுவது சாயம்தான்.

விரதச் சைவ உணவு இடைஞ்சல் இல்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையோடு போவதுதான் ஆபத்து. இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போங்கள். விரதத்துக்காகத் தேதியைத் தள்ளும் முன் டாக்டரைக் கேளுங்கள். கண்ணை விரிக்கும் சொட்டு மருந்தால் சில மணி நேரம் பார்வை மங்கும்; கறுப்புக் கண்ணாடியும், வீட்டுக்கு அழைத்துவர மகனோ மருமகளோ இருக்கட்டும்.