கம்ப்ரஷன் டெஸ்ட்: முள் காட்டும் எண்ணைப் படிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பட்டறை வைத்திருக்கிறேன். கம்ப்ரஷன் டெஸ்ட் என்றால், ப்ளக் துளையில் மீட்டரை மாட்டி இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்ப்பது; அளவு 'பார்' என்ற அழுத்த அலகில் வரும். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ; கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

லெனேசியா: அண்ணா, டர்பனில் ஒரு 1.6 பெட்ரோல் கார் வாங்கினேன். அங்கே நாலு சிலிண்டரும் 12.5 பார். ஜோகன்னஸ்பர்க் வந்து பார்த்தால் 10.2, 10.1, 10.3, 10.2. ஏமாந்துவிட்டேனா?

இல்லை தம்பி, நல்ல இன்ஜின்தான். டர்பன் கடலோரம், நீங்கள் இருப்பது சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறைவு. சிலிண்டர் இழுக்கும் காற்றே குறையும்போது முள் எப்படி ஏறும்? இங்கத்து 12.5 அங்கே 10.2 பக்கம் வருவதுதான் கணக்கு. கம்பெனிப் புத்தகத்து எண்ணைக் காட்டி யாராவது ரிங் (பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) மாற்றச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நாலு எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். குறைந்தது, அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால்தான் கவலை.

சாட்ஸ்வர்த்: 12, 12, 8, 12 வருகிறது. மூன்றாவதுக்கு என்ன கோளாறு?

ப்ளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சுற்றிப் பாருங்கள். 11 வரை ஏறினால் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும். ஏறவில்லையா, பெரும்பாலும் வால்வு. அப்புறம், அந்த பிஸ்டனை இரண்டு வால்வும் மூடியிருக்கும் உச்சிக்குக் கொண்டுவந்து, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டுக் காதைக் கொடுங்கள். சைலன்ஸரில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங். காற்று இன்ஜினைச் சுற்றிவிடும், ஃபேன் பெல்ட் பக்கம் கை வைக்காதீர்கள். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுவது இதற்கெல்லாம் பிறகுதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இரண்டும் மூன்றும் மட்டும் 5. ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால், அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும். வண்டியை எடுக்காதீர்கள்.

ஃபீனிக்ஸ்: டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு நாலும் 7 தான் காட்டுகிறது.

பெல்ட் பல் தள்ளி விழுந்து, வால்வுகள் மூடும் நேரம் தப்பியிருக்கலாம், டைமிங் குறிகளைச் சரிபாருங்கள். அதற்கு முன், இன்ஜின் சூடாக இருந்ததா, நாலு ப்ளக்கும் வெளியே இருந்ததா, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருந்தீர்களா? பேட்டரி சோர்ந்திருந்தாலும் எல்லா எண்ணும் சேர்ந்து இறங்கும்.

வெருலம்: டீசல் பிக்கப்புக்கும் இதே மீட்டர் போதுமா?

போதாது. டீசலில் 25, 30 பார் சாதாரணம். பெட்ரோல் மீட்டர் தாங்காது. ஆயில் விட்டுப் பார்ப்பதும் வேண்டாம். டீசலில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் மிகக் குறைவு. அமுங்க மறுக்கும் ஆயில், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.